அவள் பெயருக்கு வந்த தபால்

எங்கள் பெண்கள் பத்திரிகைக்கு நான் ஆசிரியரான நாளிலிருந்தே ஒரு பிடிவாதம்: எழுதியவளுக்கு இதழ் அவள் பெயருக்கே, அவள் வீட்டுக்கே போகவேண்டும். புருஷன் பெயரைப் போட்டு அனுப்புகிற வேலையெல்லாம் என்னிடம் நடக்காது. என் படத்தை வெளுப்பாக்கித் தருகிறேன் என்ற அச்சகக்காரரையே, "ஏன், கறுப்பு மைக்குப் பஞ்சமா?" என்று கேட்டு விரட்டியவள் நான்.

அந்தத் திமிர்தான் அன்று வினையாகிவிட்டது. காஞ்சன்பாக் குவார்ட்டர்ஸிலிருந்து ஒருத்தி புனைபெயரில் தன் வீட்டுக் கதையை எழுதியிருந்தாள். ரசம் சூடாக இல்லையென்றால் புருஷன் கையிலிருந்து தட்டு பறக்கும். வேலைக்குப் போகும்போது அவள் போனை பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டுப் போவான். "புக்கு அனுப்பாதீங்கக்கா, நானே வந்து வாங்கிக்கறேன்" என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். நான் கைப்பழக்கத்தில் அவளுடைய சொந்தப் பெயரை எழுதி அனுப்பிவிட்டேன்.

சனிக்கிழமை காலை தபால் பட்டியலைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அவனுக்கு அன்று லீவு. போன் செய்தால் அவன்தான் எடுப்பான்.

அமீர்பேட்டில் காஞ்சன்பாக் என்றதுமே ஆட்டோக்காரர், "நக்கோ அம்மா, உதர் ஃபுல் டிராஃபிக்" என்று வர மறுத்தார். கெஞ்சி ஏறினேன். அடிப்பாவி, உன் கொள்கைக்கு அவள் அடி வாங்கணுமா என்று வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்.

கதவைத் திறந்தது அவன். கையில் எங்கள் இதழ், அவள் எழுதிய பக்கம் விரிந்திருந்தது. பின்னால் அவள் சுவரோடு சுவராக நின்றாள்.

"பத்திரிகை ஆஃபீஸ்லேர்ந்து வரேன். சந்தா விஷயமா..." என்று இழுத்தேன்.

"ஓ, உங்களதுதானா! இவ பேருக்கு வந்துது, என்னடான்னு பிரிச்சேன். உக்காருங்க மேடம்." அந்தப் பக்கத்தை விரலால் தட்டினான். "இவனெல்லாம் மனுஷனா? பொண்டாட்டி போனைப் பூட்டி வெக்கறானாம்! உள்ள தள்ளணும் மேடம்."

அப்படியே அவள் பக்கம் திரும்பி, "காபி கொடுக்கணும்னு தோணாதா? மரம் மாதிரி நிக்கறியே!" என்று கத்தினான்.

தப்பித்தோமடா என்று மூச்சு வந்தது. அடுத்த நிமிடமே உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. காபியை எப்படிக் குடித்தேனோ தெரியாது.

கேட் வரை வந்தவளிடம் ஆத்திரம் தாங்காமல் சொன்னேன்: "அடுத்த தடவை உன் பேரையே போட்டுடலாம்டி. அப்பவாவது அந்த ஆளுக்குப் புரியட்டும்."

அவள் சிரித்தாள். "பேரைப் போட்டாலும், நான் வேற எவனைப் பத்தியோ எழுதியிருக்கேன்னுதான் அவர் நெனச்சுக்குவாருக்கா."