டிரைவர் அண்ணன் எடுத்த ஒரு வார விடுப்பு

லாபிஸ் சுடுகாட்டின் இரும்பு வாசலுக்கு வெளியே, தூறலில் நனைந்த வெள்ளை வேட்டியோடு அவர் நின்ற கோலம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. உள்ளே கிடத்தியிருந்தது அவருடைய தாயை. மூத்த மகன் அவர்தான், கொள்ளி வைக்க வேண்டியவரும் அவர்தான். ஆனால் தோளில் நீர்க்குடத்தோடு சிதையைச் சுற்றி வந்தது தம்பி. நாங்கள் வேலை பார்த்த தம்போய் கிளினிக்கிலிருந்து துக்கத்துக்குப் போன நான்கு பேரில் நானும் ஒருத்தி. அவர் ஏன் வெளியே நிறுத்தப்பட்டார் என்பது தங்களுக்குத் தெரியும் என்றே அங்கிருந்தவர்கள் நினைத்தார்கள். உண்மை அங்கே அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும். அதைச் சொல்லிவிட நான் தம்பியை நோக்கி இரண்டடி எடுத்து வைத்தேன். அவர் என்னைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். வேண்டாம் என்று அர்த்தம்.

அவர் எங்கள் கிளினிக்கின் வேன் ஓட்டுநர். வயதில் சின்னவர்களும் பெரியவர்களும் டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தாதிகளை வீடு வீடாக அழைத்துப் போவார், அதிகம் பேசமாட்டார். நாற்பதைத் தாண்டிய பிறகு, தொழிற்சாலையில் வேலை பார்த்த ஒரு விதவையைக் கட்டிக்கொண்டார். ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஏதோ ஓர் அறுவை சிகிச்சைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் அந்த அம்மாவுக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்தது. முதல் கணவரிடமிருந்து வந்தது. அண்ணனுக்குத் தொற்றவில்லை. பெரிய மருத்துவமனையில் அந்த அம்மா மருந்து எடுக்கத் தொடங்கினார். நான் கிளினிக்கில் தாதி, மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள்; இந்த நோயைப் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. ஒருநாள் வேனை மரநிழலில் நிறுத்திவிட்டு, கண்ணாடி வழியே வெளியே பார்த்தபடி அண்ணன் சொன்னார்: "மிஸ்ஸி, அவ ரொம்ப பயப்படுறா. நான் பக்கத்துல போனாலே நகந்து போயிடுறா. ஹால்ல தனியா பாய் போட்டுப் படுக்குறா."

அடுத்த வாரம் ஒரு தொழிற்சாலையில் இந்த நோயைப் பற்றி நான் பேசினேன். அண்ணன் பின்வரிசையில் கைகட்டி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒருவர் எழுந்து, "சுன்னத் செஞ்சிக்கிட்டா இந்த நோய் வராதாமே, மெய்யா?" என்று கேட்டார். பெண்ணிடமிருந்து ஆணுக்குத் தொற்றும் வாய்ப்பு அதனால் குறைவதாக ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள் என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது, எல்லோரும் கலைந்துவிட்டார்கள். மீதியை நான் சொல்லவில்லை. அந்த ஆய்வுகள் நடந்தது நோய் ஊரெல்லாம் பரவிக் கிடந்த தேசங்களில். நம் நாட்டைப் போல் சிலரிடம் மட்டுமே அது இருக்கிற இடத்தில், எல்லோரும் போய் அதைச் செய்துகொள்வதால் பெரிதாக எதுவும் மாறிவிடாது. செய்துகொண்டவருக்கும் நோய் வரலாம். காப்பது ஆணுறையும், நோயுள்ளவர் விடாமல் சாப்பிடும் மருந்தும்தான். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் ஆகியிருக்கும். அந்த இரண்டு நிமிடத்தை எத்தனையோ இரவுகள் படுக்கையில் கிடந்து பேசிப் பார்த்திருக்கிறேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணன் ஒரு வார விடுப்பு எடுத்தார். திரும்பி வந்தவர் காலை அகட்டி அகட்டி நடந்தார். தோட்டவேலை செய்யும் மலாய்ப் பெரியவர் விஷயத்தைப் புரிந்துகொண்டு, முகமெல்லாம் சிரிப்பாக அவர் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். நல்ல மனதோடுதான் செய்தார். ஆனால் எங்கள் ஆட்களிடையே, வளர்ந்த இந்து ஆண் ஒருவன் சுன்னத் செய்துகொண்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். சேதி அவருடைய சொந்த ஊரான லாபிசுக்கு இரண்டே நாளில் போய்ச் சேர்ந்தது. தம்பி போனில் கத்தியது வேனில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது: "எதுக்குண்ணே மதம் மாறுன?"

"நான் மாறலடா."

"அப்ப எதுக்கு செஞ்சிக்கிட்ட?"

மனைவியின் பெயரை இழுக்காமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. அண்ணன் போனை வைத்துவிட்டார். நான் பொறுக்கமாட்டாமல், அன்று பாதிதான் சொன்னேன் என்று ஒப்புக்கொண்டு மீதியைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "தெரியும் மிஸ்ஸி. வெட்டுன டாக்டரும் சொல்லிட்டாரு, இது கேரண்டி இல்லன்னு. நான் எனக்காக செய்யல. இதையும் செஞ்சிட்டேன், இனிமே பயப்படாதேன்னு அவகிட்ட சொன்னேன். இப்ப உள்ள வந்து படுக்குறா" என்றார். காது சிவந்துபோய், உடனே வண்டியை எடுத்தார்.

எட்டு மாதத்தில் தாய் இறந்தார். மனைவிக்குக் காய்ச்சல் என்பதால் அவரை வீட்டிலேயே விட்டுவிட்டுத்தான் அண்ணன் லாபிசுக்கு வந்திருந்தார். திரும்பும் வழியில், "வீட்டுல கேட்டா நான்தான் கொள்ளி வெச்சேன்னு சொல்லுங்க" என்றார். அந்த அம்மா கேட்டார். அப்படியே சொன்னேன். சொந்தக்காரர்கள் வராமல் போனதற்கு ஏதோ வாய்த்தகராறு என்று அண்ணன் மனைவியிடம் காரணம் சொல்லிவைத்தார். அதன்பிறகு பல வருடங்கள் அதே வேனில் போனோம், வந்தோம். அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. என் கணவரிடம்கூட நான் சொல்ல முடியாது. அடுத்தவர் இரகசியத்தைக் காப்பது என் தொழில்தான், ஆனாலும் அதைப்போல ஆளைத் தனியாக்குவது வேறில்லை.

மருந்தின் பலனாக அந்த அம்மாவின் இரத்தத்தில் கிருமி தென்படாத அளவுக்குக் குறைந்தது. இனி அவரிடமிருந்து கணவருக்குத் தொற்றாது என்று டாக்டரே சொன்னார். அண்ணன் ஓய்வு பெற்றதும் இருவரும் பொந்தியானுக்குக் குடிபோனார்கள். ஆனாலும் வருடம் ஒருமுறை அண்ணன் என்னிடம் வந்து பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்துவிட்டுப் போவார். சென்ற வருடமும் கொடுத்தார். முடிவு வருவதற்குள் மாரடைப்பில் போய்விட்டார். சாவுக்கு நான் வெளியூரில் இருந்தேன். அக்கம்பக்கத்தார் ஏழெட்டுப் பேர்தான் வந்தார்களாம். அந்த அம்மாவே கொள்ளி வைத்தார்.

முடிவை எடுத்துக்கொண்டு பொந்தியானுக்குப் போனேன். தொற்று இல்லை என்றிருந்தது. அந்த அம்மா எழுத்துக்கூட்டிப் படித்தார். "அவங்க அம்மாவுக்குக் கொள்ளி வெச்ச புள்ள. அவருக்கு வைக்க ஒரு தம்பிகூட வரலையே மிஸ்ஸி" என்றார். அதற்கு மேலும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. சுடுகாட்டு வாசலில் நடந்ததையும், அதற்கு முன் தொழிற்சாலையில் நான் பாதியில் விட்டதையும் சொன்னேன். அவர் அழவில்லை. அண்ணனின் போனை எடுத்து, தம்பியின் எண்ணைத் தேடி அழைத்து, ஒலிபெருக்கியைப் போட்டு மேசைமேல் வைத்தார்.

"தம்பி, அண்ணி பேசுறேன். உங்க அண்ணன் மாறல. நோய் எனக்குத்தான். என் பயத்துக்காகத்தான் செஞ்சிக்கிட்டாரு."

"அத அப்பவே ஏன் சொல்லல அண்ணி?" என்று தம்பியின் குரல் உடைந்து வந்தது.

"சொல்லியிருந்தா, எங்க வீட்டுல ஒரு வாய் தண்ணி குடிச்சிருப்பீங்களா?"

போன் துண்டிக்கப்படவில்லை. மேசைமேல் கிடந்த அதிலிருந்து தம்பி மூச்சு விடும் சத்தம் மட்டும் கேட்க, நாங்கள் இருவரும் அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம்.