மீனம்மாள் புடைத்த தேயிலை

பச்சையாக இருக்கிறது என்பதற்காக மீனம்மாள் எதையும் நம்பிவிடுவதில்லை. கீரைக்காரி தண்ணீர் தெளித்துக் கொண்டுவரும் கட்டைக்கூட உதறிப் பார்த்துத்தான் வாங்குவாள். அவளிடம் போய், காய்ந்த பிறகும் பச்சையாகவே இருக்கும் தேயிலையைக் கொடுத்தார்கள்.

அது எண்பத்து மூன்றாம் வருஷம். ஒரகடம் பக்கம் எழும்பிக்கொண்டிருந்த ஒரு பம்பு ஆலையின் விருந்தினர் விடுதியில் அவள் சமையல்காரி. இயந்திரம் பூட்ட வந்த ஜப்பான் பொறியாளர் மொரிதா, நான்கு டப்பாக்களையும் ஒரு துணிப்பையையும் அடுக்களை மேடையில் வரிசையாக வைத்தார். மேனேஜர் நரசிம்மன் அவற்றை விளக்கினார்.

"எல்லாம் ஒரே செடிதான் மீனம்மா. இது மலைச்சரிவுல விளைஞ்சது, ஆவியில வாட்டினது. இது பந்தல் போட்டு நிழல்ல வளத்தது. இது சீனாக்காரன் இரும்புச் சட்டியில வறுத்து உருட்டினது. பையில இருக்கிறது நம்ம நாட்டுது, காங்க்ரா மலை இலை. காஷ்மீர்ல இந்த மாதிரி இலையில ஏலக்காய், பட்டை எல்லாம் போட்டுக் குடிப்பாங்களாம்."

"ஒரே செடின்னா இன்னாத்துக்கு சார் ஊருக்கு ஒரு நெறம்?"

"முருங்கைக்கீரையை வெயில்ல காயவெச்சா ஒரு நிறம், நிழல்ல காயவெச்சா ஒரு நிறம் இல்லியா? அது மாதிரி."

பொருத்தமான பதில். பொருத்தமாகப் பதில் சொல்கிறவர்களிடம்தான் அவளுக்குச் சந்தேகம் அதிகம். கோபாலும் அப்படித்தான் சொல்லுவான்.

நான்காவது டப்பாவைப் பற்றிச் சொல்வதற்குள் நரசிம்மனுக்குப் போன் வந்துவிட்டது. போய்விட்டார்.

கோபால், அறுபத்தொன்றில் அவளுடைய டீக்கடைக்குத் தூள் போட்டவன். மணிமங்கலம் போகும் சாலையில் அவளும் கணவன் ரத்தினமும் அந்தக் கடையை நடத்தினார்கள். ஒருநாள் சோதனைக்கு வந்த அதிகாரி ஈரக் காகிதத்தில் தூளைத் தூவினார். சாயம் இரத்தமாகப் பரவியது. புளியங்கொட்டைத் தோலை இடித்துச் சாயமேற்றிக் கலந்திருந்தார்கள். ரத்தினம் பயந்துபோய் மிச்சத் தூளை ஏரியில் கொட்டிவிட்டான். "அது என் தூளே இல்ல" என்றான் கோபால். அவன் தூள்தான் என்று காட்ட இவர்கள் கையில் ஒரு சிட்டிகை இல்லை. கடை மூடப்பட்டது. பத்து வருஷம் கழித்து ரத்தினம் செத்துப்போனான். 'புளியங்கொட்டைக் கடைக்காரி' என்ற பெயர் மட்டும் சாகவில்லை.

அன்று இரண்டு விஷயம் கற்றுக்கொண்டாள். எதையும் ஈரக் காகிதத்தில் போட்டுப் பார். எதையும் கொட்டிவிடாதே.

இப்போதும் காகிதத்தை நனைத்தாள். பையில் இருந்ததும் முதல் மூன்று டப்பாக்களும் வைக்கோல் நிறத்தில் லேசாகக் கசிந்ததோடு சரி. நான்காவதைத் திறந்ததும் கை நின்றுவிட்டது. இலைக்குச் சரிபாதி, பழுப்பாக வறுத்த அரிசி! நடுநடுவே வெடித்த பொரி!

வழியில் எவனோ இலையை எடுத்துக்கொண்டு அரிசியைப் போட்டிருக்கிறான். நாளைக்கு அந்த ஜப்பான் துரை கேட்டால் யார் மாட்டுவது? எடுத்தவனா மாட்டுவான்? அடுக்களைச் சாவி வைத்திருப்பவள்தானே மாட்டுவாள். இந்த முறை பெயர் கெட்டால் குடியிருக்கும் வடக்குப்பட்டில் தலைகாட்ட முடியாது.

முறத்தை எடுத்தாள்.

வாட்ச்மேன் தாண்டவராயன் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, ஜப்பான் நெல்லா?"

"சும்மா கெட. கலப்படம் பண்ணிக்கீறான்."

"தொரைகிட்ட சொல்லிடேன்."

"நாஞ்சொன்னா, நீதான் கலந்தேம்பான். உனுக்குத் தெரியாது."

புடைத்து, எஞ்சியதை விரலால் பொறுக்கி, இலையை டப்பாவிலும் அரிசியை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலிலும் போட்டாள். பாட்டில் வாயைத் துணியால் கட்டி, பருப்பு டின்னுக்குப் பின்னால் வைத்தாள்.

மறுநாள் மத்தியானம் அந்த நான்காவது டப்பா இலையில் அவள் போட்ட டீயை மொரிதா ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார். இன்னொரு வாய். எழுந்துபோய் டப்பாவைத் திறந்தார். பாதிதான் இருந்தது. நரசிம்மனிடம் மெதுவாக ஏதோ சொன்னார்.

"மீனம்மா, பாதி டப்பா எங்க போச்சு?" நரசிம்மனின் குரல் மாறியிருந்தது. "மணிமங்கலத்துல உன்னைப் பத்தி ஒருத்தர் சொன்னப்போ நான் நம்பல."

பருப்பு டின்னை நகர்த்தி, பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதோ கீது சார். எவனோ கலந்த அரிசி. ஒரு மணி கொறையாது. நீங்களே பாருங்க."

மொரிதா துணியை அவிழ்த்து மோந்து பார்த்தார். கடகடவென்று சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொண்டு, நரசிம்மனிடம் நீளமாகப் பேசினார்.

"அரிசி அதுல இருக்க வேண்டியதுதானாம்" என்றார் நரசிம்மன், கொஞ்சம் அசட்டுத்தனமாக. "அந்தக் காலத்துல இலை வாங்க வக்கில்லாத ஜனங்க அரிசியை வறுத்துச் சேத்து ஒப்பேத்துவாங்களாம். இப்ப எல்லாரும் ருசிச்சுக் குடிக்கிறாங்களாம்."

"அப்போ கலப்படந்தானே சார்?"

"கலப்படம் இல்ல. டப்பா மேலயே எழுதியிருக்கு, பாரு."

அந்தக் கோடுகளை அவளால் படிக்க முடியவில்லை. ஆனாலும் நெடுநேரம் பார்த்தாள். புளியங்கொட்டையைக் கலந்தது கோபாலின் குற்றம் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். கலந்ததைவிடச் சொல்லாததுதான் பெரிய குற்றமோ என்று இப்போது தோன்றியது. சொல்லிவிட்டுக் கலந்திருந்தால் குடிக்கிறவன் குடித்திருப்பான், வேண்டாதவன் போயிருப்பான். கடை இருந்திருக்கும்.

"மணிமங்கலத்துல சொன்னவன்கிட்ட இதையும் சொல்லிடுங்க சார்" என்றாள். நரசிம்மன் தலையாட்டினார்.

மொரிதாவின் எதிரிலேயே அரிசியைத் திரும்ப டப்பாவில் கொட்டிக் கலக்கினாள். அவர் அவளுக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். வறுத்த சோற்றுப் பருக்கையின் மணம். மோசமில்லை. நன்றாக இருக்கிறது என்று சொல்லவும் அவள் அவசரப்படவில்லை.

சாயங்காலம் தாண்டவராயன் பாட்டிலைக் கவனித்தான். அடியில் ஒரு பிடி அரிசி இருந்தது.

"இன்னாக்கா, இது இன்னாத்துக்கு?"

"கெடக்கட்டும். நாளைக்கு அந்தாளு ஊருக்குப் பூட்டான்னு வெய்யி, அந்த டப்பாவுல அரிசியே இல்லேன்னு எவனாவது சொன்னா?"

துணியை இழுத்துக் கட்டி, பாட்டிலைப் பருப்பு டின்னுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள்.