கடைசி வரிசையிலிருந்து ஒரு கேள்வி

ஜெகதாப்பட்டினத்தில் சனிக்கிழமைதோறும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு அறிவியல் பேசுவேன். மகளோடு வரும் ஒரு அம்மா கடைசி வரிசையில் உட்காருவார். மெலிந்தவர், சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்பார். ஜி.பி.எஸ். பற்றிப் பேசிய அன்று எழுந்து நின்றார்.

"படகு போன எடமெல்லாம் அதுல பதிஞ்சிருக்குமா சார்?"

"பதிஞ்சிருக்கும்மா."

"எங்க வீட்டுக்காரரு எல்லை தாண்டுனாருன்னு இலங்கை நேவிக்காரங்க படகோட பிடிச்சு வச்சிருக்காங்க. தாண்டலைன்னா அதுல தெரியுமா?"

பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். "தெரியும். ஆனா படகோட கருவியும் அவங்ககிட்டதானே இருக்கும்?" என்றேன்.

"ஆமாங்க." உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார். "தாண்டியிருந்தாலும் தெரிஞ்சிரும்ல?"

"தெரிஞ்சிரும்."

தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கடைசிக் கேள்வியை அவர் ஏன் கேட்டார் என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.