எண் பதினான்கு

பகல் பன்னிரண்டு முப்பத்தைந்து. எண் பதினான்கு சாம்பிளை சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிந்ததை ஸ்லைடில் வைத்துப் பார்த்து முடித்திருந்தேன். ஒரு விந்தணுகூட இல்லை. எங்கள் வீட்டில் எல்லாம் தவறிப்போகத் தொடங்கிய நேரம் அதுதான். அன்று எனக்கு அது தெரியாது.

விழுப்புரத்தில் ஒரு குழந்தையின்மை சிகிச்சை மையத்தின் லேபில் பத்தொன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். வீடு திண்டிவனத்தில். லேபுக்கும் சாம்பிள் எடுக்கும் அறைக்கும் நடுவே சுவரில் ஒரு சிறிய கதவு உண்டு. கொடுப்பவர் டப்பாவை அங்கே வைத்துவிட்டு மணியை அழுத்துவார். டப்பாவின் மேல் எண்ணும் வயதும் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்று எங்களுக்குத் தெரியக் கூடாது என்பதற்காக அந்த ஏற்பாடு. இரண்டு பேர் பார்க்காமல் ரிப்போர்ட்டில் ‘நில்’, அதாவது அணுவே இல்லை, என்று எழுதக் கூடாது என்பது இன்னொரு வழக்கம்.

லேபில் கருக்களைக் கையாளும் எம்ப்ரியாலஜிஸ்ட் ரெஜினாவைக் கூப்பிட்டேன்.

“நில்லுனுதான் வருது, ரெஜினா. நீயும் பாத்துடு. பாவம், இவனைக் கட்டிக்கினவ எத்தினி வருஷமா ஊரு வாயில வுழுந்துகினு கெடக்கறாளோ.”

“அக்கா, கதவு தொறந்திருக்குது.”

“யாரு இருக்கப்போறா? குடுத்தவன் இந்நேரம் பஸ் ஏறியிருப்பான்.”

ரெஜினா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

வீட்டில்

எங்களிடம் வரும் ஒவ்வொரு தம்பதிக்கும் நான் சொல்வது ஒன்றுதான்: “மொதல்ல வீட்டுக்காரருக்கு டெஸ்ட் எடுங்க. ஒரே நாள்ல முடிஞ்சிரும்.” பெண்ணை மட்டும் ஸ்கேன் ஸ்கேனாக அலையவிடும் மாமியார்களை லேபில் திட்டியிருக்கிறேன்.

என் மகன் பிரபுவுக்குத் திருமணமாகி நான்கு ஆண்டுகள். மருமகள் சத்யாவுக்குக் கருக்குழாய்ப் பரிசோதனை, தைராய்டு, மாதம் தவறாமல் கருமுட்டை ஸ்கேன் என்று எல்லாவற்றையும் நானே கூட்டிப்போய்ச் செய்தேன். முட்டை வளரும் மாத்திரையைத் தண்ணீரோடு நானே கையில் கொடுப்பேன். “எல்லாம் நார்மலாதான் வந்துகினு இருக்குது. அப்புறம் ஏன் கரு நிக்கல? நீ மனச ஒழுங்கா வச்சிக்க மாட்டேங்கற” என்று ஒருநாள் சொன்னேன். அவள் மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கண்டாச்சிபுரத்தில் தாய்வீட்டு விசேஷங்களுக்குப் போவதையும் அவள் நிறுத்தியிருந்தாள்.

பிரபுவை டெஸ்ட் எடுக்கச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. தோன்றவில்லை என்பதும் பொய். தோன்றிய போதெல்லாம் வேறு வேலை பார்த்தேன்.

லிஸ்ட்

ஐந்து மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை மாலை, மறுநாள் ஆபரேஷன் லிஸ்ட் லேபுக்கு வந்தது. மாதம் ஒரு ஞாயிறு சென்னையிலிருந்து ஆண்களுக்கான சர்ஜன் வருவார். விந்துவில் அணுவே இல்லாதவர்களுக்கு விதைப்பையைத் திறந்து, மைக்ராஸ்கோப் வழியாகப் பார்த்துத் திசுத் துணுக்குகளை எடுத்துத் தருவார். மைக்ரோ டீஸ் என்போம். அந்தத் துணுக்குகளைக் கிழித்துப் பிரித்து, ஒரு விந்தணுவாவது கிடைக்குமா என்று தேடுவது லேபின் வேலை. கிடைத்தால் அதை மனைவியின் முட்டைக்குள் ஊசியால் செலுத்தலாம்.

லிஸ்ட்டில் முதல் பெயர் பிரபு. வயது முப்பத்தொன்று. எங்கள் தெருவின் முகவரி.

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்று நினைவில்லை. லிஸ்ட்டை மேஜையில் வைத்தேன். முதலில் பேசியது சத்யா.

“எனக்கு அஞ்சு மாசமா தெரியும் அத்தை. ஆபரேஷனுக்கு நான்தான் கையெழுத்துப் போட்டேன்.”

“அப்ப நான் குடுத்த மாத்திரையெல்லாம்?”

“முழுங்கல. வாயில வச்சிக்கினு போயி துப்பிடுவேன்.”

பிரபு வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றான். “நீ பாத்தா தப்பாவாதுன்னுதாம்மா உன் லேபுக்கே குடுத்தேன். ரிசப்ஷன்ல உங்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டுக்கினேன். வெளிய வந்தா நீ பாத்துடுவியேன்னு அந்த ரூம்லயே உக்காந்துகினு இருந்தேன்.” நிலையிலிருந்து கையை எடுத்தான். “கதவு தொறந்திருந்திச்சிம்மா.”

ஞாயிறு

“இன்னைக்கு நீங்க உள்ள வர வேணாம்” என்று சர்ஜன் சொல்லிவிட்டார். கருவிகள் கழுவும் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒன்பதேகாலுக்கு முதல் துணுக்கு, டிஷ் என்னும் சிறு வட்டத் தட்டில் வந்தது. ஒன்றே ஒன்று போதும் என்று வேண்டிக்கொண்டேன்.

ஒரு மணிக்கு ரெஜினா வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

“பதினோரு டிஷ்ஷும் பாத்துட்டேன் அக்கா. எனக்கு எதுவும் சிக்கல. ரெண்டாவது ஆளு வேணும். டாக்டர்கிட்ட கேட்டுட்டேன், சரின்னுட்டாரு. இன்னைக்கு லேபுல வேற யாரும் இல்ல.”

கையுறை போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சிவப்பணுக்கள், விதையின் கிழிந்த நுண்குழாய்கள், பெயர் சொல்லத் தெரிந்த மற்ற எல்லாச் செல்களும் இருந்தன. ஏழாவது டிஷ்ஷின் ஓரத்தில் வால்போல ஒன்று தெரிந்தது. லென்ஸை மாற்றி, ஃபோகஸை மெதுவாகத் திருப்பினேன். நூல். யாருடைய துணியிலிருந்தோ விழுந்த நூல். ரெஜினா என் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை. பதினோராவது டிஷ் முடிந்தபோது மணி மூன்று.

‘நில்’ என்ற ரிப்போர்ட்டில் இரண்டாவது கையெழுத்து என்னுடையது.

லேபுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்ல நினைப்பது கொஞ்சம்தான். எண்ணுக்குப் பின்னால் ஆள் உண்டு. அவர் இன்னும் போகாமல் இருக்கலாம். கதவைச் சாத்துங்கள். அடுத்தவர்களுக்குச் சொல்வதை உங்கள் வீட்டில் முதலில் செய்யுங்கள்.

கையெழுத்துப் போட்டுவிட்டு அதே பெஞ்சுக்கு வந்தேன். பிரபு படுத்திருந்த ரெக்கவரி அறை பத்தடி தூரம். என்னால் அங்கே நடக்க முடியவில்லை. சத்யாதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முழிச்சிட்டாரு அத்தை. ரெஜினா அக்கா எங்கிட்ட சொன்னாங்க, நான் அவருகிட்ட சொல்லிட்டேன். ‘யாரு பாத்தாங்க’ன்னு கேட்டாரு. ‘அம்மாதான் கடைசியா பாத்தாங்க’ன்னேன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “‘அம்மா பாத்தாங்களா? அப்ப சரி’ன்னாரு.”