முடிச்சில்லாத பின்பக்கம்

மடத்துத் தையல் வகுப்பில் சிஸ்டர் எங்கள் துணியை வாங்கியதும் முதலில் திருப்பித்தான் போடுவார். முன்பக்கத்தில் திராட்சைக் கொத்து எவ்வளவு அழகாக வந்திருந்தாலும் அது அப்புறம். பின்பக்கத்தையும் கண்ணால் பார்க்கமாட்டார். உள்ளங்கையை வைத்து ஓரத்திலிருந்து ஓரத்துக்கு மெதுவாகத் தடவுவார். முடிச்சு இருக்கும் இடத்தில் கை நின்றுவிடும்.

"இங்க ஒண்ணு. இங்க ஒண்ணு. இது என்னம்மா, பட்டாணியா?"

சர்ச்சில் பீடத்தின்மேல் விரிக்கிற துணி அது. கஞ்சி போட்டு இஸ்திரி போட்டால் பின்னால் இருக்கிற முடிச்செல்லாம் முன்னால் கொப்புளம் மாதிரி எழும்பிவிடும் என்பார். நாங்களோ முடிச்சுப் போட்டே பழகியவர்கள். பட்டன் தைத்தாலும் பாவாடை ஓரம் மடித்தாலும் நூல் நுனியை நாக்கில் நனைத்து, விரலில் ஒரு சுற்றுச் சுற்றி உருட்டிவிடுவோம். யோசிக்காமலே கை செய்கிற வேலை.

அப்போது தொண்ணூறுகளின் கடைசி. நத்தத்திலிருந்து திண்டுக்கல்லுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டாவது வருடம். கணவருக்குத் தோல் கம்பெனியில் வேலை. வாரத்தில் பாதி நாள் வெளியூர். வீட்டில் நானும் மாமியாரும். நான் வருவதற்கு முன்னால் ஒரு மத்தியானம், அத்தை அசந்து தூங்கிய நேரத்தில், யாரோ உள்ளே புகுந்து அவர் தலைமாட்டில் இருந்த பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். அன்றிலிருந்து கம்பிக் கதவுக்கு இரவு பகலாக உள்பக்கமாகப் பூட்டு. சாவி அத்தை இடுப்பில்.

அத்தை கெட்டவர் இல்லை. திறக்கச் சொன்னால் திறப்பார். ஆனால் எதற்கு என்று கேட்பார். பதில் சரியாக இருக்க வேண்டும். கறிவேப்பிலை சரியான பதில் இல்லை. அது தெருவிலேயே வரும். கல்லூரித் தோழியைப் பார்க்க வேண்டும் என்பதும் இல்லை. அவளை இங்கே வரச்சொல்லலாமே என்பார். ஞாயிற்றுக்கிழமைப் பூசை சரியான பதில். அதற்கு அவரும் கூட வருவார். பி.எஸ்சி. முடித்து ஆய்வுக்கூடத்தில் மில்லிகிராம் கணக்கில் எடை போட்ட நான், கதவைத் திறக்க ஒரு காரணம் தேடி வீட்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்தேன்.

திருவிழாவுக்குப் புதுப் பீடத் துணி தைக்க வீட்டுக்கு ஒருவர் மடத்துத் தையல் வகுப்புக்கு வரவேண்டும் என்று பங்குச் சாமியார் பூசையில் அறிவித்தார். எல்லோர் முன்னாலும் கேட்டதை அத்தையால் மறுக்க முடியவில்லை. அப்படித்தான் சனிக்கிழமை மாலை எனக்குக் கிடைத்தது. மடம் வரைக்கும் தனியாக நடப்பேன். மலைக்கோட்டை அந்நேரம் வெயிலில் செம்மண் நிறமாக நிற்கும். பேக்கரி வாசலில் கொஞ்சம் நின்றுகூடப் பார்த்திருக்கிறேன். எதுவும் வாங்கியதில்லை. என் டைரியில் மற்ற நாட்களுக்கு இரண்டு வரி. சனிக்கிழமைக்கு மட்டும் பக்கம் போதாது.

வகுப்பில் என் பக்கத்தில் உட்காருகிறவள் பிரியாணிக் கடைக்காரர் வீட்டு மருமகள். பீடத் துணிக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. மடத்து வகுப்புக்கு யாரும் வரலாம். தலையணை உறையில் கிளி தைத்துக்கொண்டிருந்தாள். நான் சேருவதற்கு ரொம்ப நாள் முன்னாலிருந்தே அதே கிளி. பின்பக்கம் முழுக்க முடிச்சு. சிஸ்டர் தடவும்போது அவளே சொல்லிவிடுவாள்: "விடுங்க சிஸ்டர், கை வலிக்கப் போகுது."

எனக்கு அப்படி இருக்க வராது. நூல் நுனி தொங்கினால் எனக்குச் சோறு இறங்காது. முடிச்சில்லாமல் எப்படி ஆரம்பிப்பது என்று சிஸ்டரிடம் கேட்டேன். அவர் என்னைவிட இளையவர். பயிற்சி முடித்து அந்த வருடம்தான் வந்திருந்தார். ஒரே ஒரு இழையை நீளமாக எடுத்து நடுவில் மடித்தார். வெட்டிய இரண்டு நுனிகளையும் ஊசிக் காதில் கோத்தார். மறுமுனையில் முடிச்சுக்குப் பதிலாக ஒரு வளையம் நின்றது. பின்பக்கமிருந்து ஊசியை மேலே இழுத்து, வளையத்தைக் கொஞ்சம் வெளியே விட்டு, சாய்வாக முதல் தையல் போட்டு, ஊசியைக் கீழே கொண்டுபோய் அந்த வளையத்துக்குள் நுழைத்து இழுத்தார். நூல் தன்னைத் தானே பிடித்துக்கொண்டது. தடவிப் பார்த்தேன். அங்கே எதுவுமே இல்லை.

முதலில் பழக்கதோஷத்தில் இரண்டு இழையை மடித்துவிட்டேன்; அது நாலாகி, துணியில் ஊசி போட்ட ஓட்டைக்குள் புகாமல் அடைத்தது. ஒரு இழைதான் இரண்டாகும் என்பது கையில் ஏற இரண்டு வாரம் ஆனது. அதன்பிறகு பழைய முடிச்செல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்து மறுபடி தைத்தேன். எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் என்று இப்போது நினைத்தால் ஆச்சரியமாக இருக்கிறது.

சிஸ்டர் என் துணியைத் திருப்பிப் போட்டார். கை ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நிற்காமல் போனது. மறுபடி தடவினார்.

"சுத்தமா இருக்கு. நீங்க இனிமே வீட்லயே உக்காந்து தைக்கலாம்மா. பின்பக்கம் நல்லா வந்துட்டவங்கள வீட்டுக்கு அனுப்பிடுறதுதான் இங்க வழக்கம். இருக்கிறது ஒரு ஃபேன், ரெண்டு பெஞ்சு. தப்பா போடுறவங்கள மட்டும்தான் கண்ணு முன்னால வச்சிக்கணும்."

வெள்ளைத் தாளில் துணியைச் சுற்றிக் கொடுத்தார். பக்கத்தில் இருந்தவள் வாயைத் திறந்து மூடினாள். நான் அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு, பேக்கரி வாசலில் நிற்காமல், வீட்டுக்கு வந்தேன்.

"நல்லதாப் போச்சு," என்றார் அத்தை. "வெயில்ல அலைய வேணாம்ல."

பூட்டு விழுந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமைகளில் ஜன்னலோரம் உட்கார்ந்து தைத்தேன். ஜன்னலில் எதிர்வீட்டு மதில்தான் தெரியும். இழை பிரித்து, மடித்து, கோத்து, வளையத்துக்குள் விட்டு இழுப்பேன். ஒவ்வொரு ஆரம்பமும் பிசிறில்லாமல் வந்தது. பாராட்ட ஆளில்லை. அத்தை மட்டும் வருகிறவர்களிடமெல்லாம் துணியைத் திருப்பிக் காட்டுவார். "தடவிப் பாருங்க. கை வச்சா வச்ச இடம் தெரியாது." அவர்களும் தடவுவார்கள். இருக்கிற இடம் தெரியாத பெண் என்று என்னையும் சேர்த்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் எவ்வளவு சுத்தமாகத் தைத்தேனோ அவ்வளவுக்கு வெளியே போக வேண்டிய காரணம் இல்லாமல் போயிற்று.

ஒருநாள் கதவில் சத்தம். பிரியாணிக் கடை வீட்டு மருமகள், பெஞ்சில் நான் மறந்துவைத்த கத்தரிக்கோலோடு நின்றாள். அத்தை குளித்துக்கொண்டிருந்தார், சாவி அவரோடு குளியலறையில். கம்பிக்கு இந்தப் பக்கம் நானும் அந்தப் பக்கம் அவளுமாகப் பேசினோம்.

"எப்ப வாரீங்க?"

"நான் எங்க வர்றது. அதான் வீட்டுக்குன்னு சொல்லிட்டாங்களே."

"ஏங்க்கா, அம்புட்டுப் படிச்சிருக்கீங்க, செத்த வெவரம் வேணாமா? அந்தக் கிளிய நான் எத்தன நாளா தைக்கிறேன்னு நினைக்கிறீங்க?"

"உனக்கு வரலைன்னுல நினைச்சேன்."

"வராம என்ன. எங்க உம்மா வீட்ல நாந்தான் எல்லாருக்கும் தைச்சுக் கொடுப்பேன். இங்க சட்டி கழுவி, வெங்காயம் உரிச்சு, சனிக்கிழமை சாயந்தரம் மட்டுந்தான் நான் ஒரு இடத்துல உக்காருறது. முடிச்சப் போடாம தைச்சா என்னையும்ல அனுப்பிருவாங்க." கம்பி வழியாகக் கத்தரிக்கோலை நீட்டினாள். "என் மாமியா சொல்லும், இவளுக்குக் கையில காலு மொளச்சிருக்குன்னு. சொல்லிட்டுப் போகட்டும்."

குளியலறைக் கதவு திறந்தது. அவள் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் புதிதாக ஒரு நூல் எடுத்தேன். இலைப் பச்சை. மடிக்காமல் இரண்டு இழையாகக் கோத்தேன். நுனியை விரலில் சுற்றினேன்; உருட்ட முடியவில்லை. குழந்தையிலிருந்து செய்த வேலை, கை மறுத்தது. துணியைக் கீழே வைத்துவிட்டு அடுப்பில் வெஞ்சனத்தைக் கிளறிவிட்டு வந்தேன். முடிச்சைவிட வேறொன்று உறுத்தியது. எனக்கென்று இந்த ஊரில் இருந்த ஒரே பெயர் அந்தச் சுத்தமான பின்பக்கம்தான். அதையும் கொடுத்துவிட்டால் நான் யார்? கொடுக்காவிட்டால் அந்த மதில்.

முடிச்சுப் போட்டேன். சின்னதாகப் போட்டால் தெரியாமல் போகும் என்று இன்னொரு சுற்றுச் சுற்றினேன். திராட்சைக் கொத்தின் காம்புக்குப் பின்னால், துணியின் நட்ட நடுவில் அது உட்கார்ந்தது.

ஞாயிறு பூசை முடிந்ததும் அத்தையே துணியை எடுத்துக்கொண்டு சிஸ்டரிடம் போனார். கூட நாலைந்து பெண்கள். பெருமை அவர் முகத்தில் தெரிந்தது. அதுதான் எனக்குப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சிஸ்டர் துணியைத் திருப்பினார். உள்ளங்கை நகர்ந்தது. நடுவில் நின்றது. கட்டைவிரலால் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"இங்க ஒரு முடிச்சு இருக்கும்மா."

"முடிச்சா?" அத்தை தடவினார். நின்றிருந்த பெண்களில் ஒருவர் சிரித்தார். அத்தையின் காது சிவந்தது. "இம்புட்டு நாளா நல்லாத்தானே தைச்சா. என்னத்தா இது, படிச்ச புள்ள, ஒரு நூலு ஒழுங்காக் கோக்கத் தெரியலையா?"

"தவறிருச்சு அத்தை," என்றேன்.

"சனிக்கிழமை அனுப்பி வைங்க," என்றார் சிஸ்டர். "இங்க உக்காந்துதான் தைக்கணும். ஆரம்பிக்கிறதுல இன்னும் கத்துக்க வேண்டியது இருக்கு."

அது பொய்யும் இல்லை. அந்தச் சனிக்கிழமை சிஸ்டர் இலையைச் சுற்றி ஓரக்கோடு தைக்கக் கற்றுக்கொடுத்தார். அதற்கு ஒற்றை இழை. மடிக்க வழியில்லை, வளையம் வராது. முடிச்சைத் துணியின் முன்பக்கத்தில், தைக்கப்போகிற வழியில் கொஞ்சம் தள்ளிப் போட வேண்டும். பின்னால் ஓடுகிற நூலின்மேல் தைத்துக்கொண்டே வந்து, முடிச்சை நெருங்கியதும் அதை வெட்டி எறிந்துவிட வேண்டும். மெதுவாகக் கற்றுக்கொண்டேன். பக்கத்தில் இருந்தவள் கிளியின் மூக்கைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

என் நடு முடிச்சை சிஸ்டர் பிரிக்கச் சொன்னார், பிரித்தேன். ஆனால் ஊரில் அதற்குள் பேச்சு மாறியிருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் அத்தை, "எங்க மருமகளுக்குத் தையல் வராது, இன்னும் மடத்துக்குத்தான் போயிட்டிருக்கா," என்பார். நான் காப்பியை வைத்துவிட்டுத் திரும்பி நடப்பேன். ஒவ்வொரு தடவையும் உறுத்தும்.

சனிக்கிழமை மாலை அத்தை இடுப்பிலிருந்து சாவியை எடுப்பார். எதற்கு என்று கேட்பதில்லை. பூட்டைத் திறந்து, கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒருநாள் சொன்னார்: "இந்த வாரமாச்சும் ஒழுங்காக் கத்துக்கிட்டு வா தாயி."

"பார்க்கிறேன் அத்தை," என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கினேன்.