தமுக்கு எந்த வாசலில் தொடங்கியது?

போன மாதம் இதே இடத்தில் யுத்தத்துக்காக நடத்திய விமானத் தாக்குதல் ஒத்திகையைப் பற்றிப் பெருமையாக எழுதியிருந்தேன், நினைவிருக்கிறதா? மில் சங்கு ஊதியதும் மதுரையே அடங்கிப்போன அழகை மெச்சி, ஆபத்தைச் சமாளிக்க நாம் கற்றுக்கொண்டுவிட்டோம் என்று முடித்திருந்தேன். பாராட்டி இரண்டு கடிதங்கள்கூட வந்தன. அவற்றை எழுதியவர்கள் தயவுசெய்து இந்த வாரம் படிக்க வேண்டாம்.

போன வாரம் அலங்காநல்லூர்ப் பக்கம் என் மாமாவின் ஊருக்குப் போயிருந்தேன். மாமாதான் ஊர்த் தலைவர். கோர்ட் வேலையாக அவர் மதுரைக்கு, பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் பஸ்ஸில் ஏறிவிட்டார். தான் வரும்வரை ஊரைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். நாலு நாளாக விடாத மழை.

மத்தியானம் கண்மாய்க் காவல்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். மடைப் பக்கம் கரை கசிகிறதாம். ஆட்கள் மண்வெட்டி, சாக்கோடு உடனே வர வேண்டுமாம்.

கரைக்கு நேர் கீழே இருப்பது கீழத்தெரு... பண்ணை வேலை செய்பவர்களின் குடிசைகள். அந்தத் தெரு வழியாகத்தான் அவர் ஓடிவந்திருக்கிறார். அங்கே வாய் திறக்கவில்லை. எந்தச் செய்தியையும் முதலில் தலைவர் வீட்டில்தான் சொல்ல வேண்டும் — வழக்கம்.

தமுக்கடிக்கும் கருப்பனைக் கூப்பிட்டேன். தமுக்குக்கும் ஒரு வழக்கம் உண்டு. மாமா வீட்டு வாசலில் தொடங்கி, ஒவ்வொரு பெரிய வீட்டு முன்னும் நின்று மூன்று தடவை சொல்லி, நாலு தெருவும் சுற்றி, கடைசியில்தான் கீழத்தெரு.

கருப்பன் தயங்கினார். என்னைவிட இருபது வயது மூத்தவர். எழுத்தில்தான் இந்த ‘அவர்’ எல்லாம்... நேரில் ‘நீ’தான்.

"சாமி, மொதல்ல கீழ ஒரு எட்டுப் போயிச் சொல்லிட்டு ஓடியாந்துர்றேன். மக பிள்ள பெத்து ஒம்பது நாளுதான் ஆகுது. குடிசைல தனியாக் கெடக்கு."

நான் என்ன சொன்னேன் தெரியுமா? காலேஜில் படித்து, வாராவாரம் உங்களுக்குப் புத்தி சொல்லுகிற நான்?

"முறைப்படியே போ கருப்பா. மாமா வந்தா என்னையத்தான் கேப்பாரு."

போனார். அவர் மூன்றாவது தெருவில் அடித்துக்கொண்டிருந்தபோது கரை உடைந்தது.

அந்த நேரம் மேலத்தெருவில் நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்? அது மேடு. அங்கே தண்ணீர் ஏறியதாக யாருக்கும் ஞாபகமே இல்லை. மண்வெட்டியோடு கிளம்பியவர்கள் ஏழெட்டுப் பேர். மற்றவர்கள் அண்டா குண்டாக்களைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நான் மாமாவின் கிராமபோனைத் தூக்கிக்கொண்டு நின்றேன்.

கருப்பன் தமுக்கைப் போட்டுவிட்டு ஓடினார். இடுப்பளவு தண்ணீரில், மகள் உரல்மேல் ஏறி நின்று, பச்சைப் பிள்ளையை அரிசி புடைக்கும் சொளகில் கிடத்தித் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தாளாம். இருவரும் பிழைத்தார்கள். தெருவில் ஒரு மண்சுவர்கூட மிஞ்சவில்லை.

சாயங்காலம் அவரைத் தேடிப்போனேன். அவர்தான் முதலில் பேசினார்.

"பிள்ள நல்லாருக்கு சாமி. நீங்க வெசனப்படாதீக."

அவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார்! வெட்கத்தில் உடம்பு கூசிப்போனது. இதை எழுதும்போதும் கூசுகிறது.

சங்கு ஊதினால் எல்லார் காதிலும் ஒரே நேரத்தில் விழுகிறது. தமுக்கு அப்படியா? வெள்ளம் பள்ளத்தில் தொடங்குகிறது. நாமோ எச்சரிக்கையை மேட்டில் தொடங்குகிறோம். அதற்கு முறை என்று பெயர் வேறு.

மறுநாள் காலை மாமா திரும்பிவிட்டார். நல்ல மனுஷர். விஷயம் கேள்விப்பட்டதும் வீடிழந்தவர்களுக்குச் சாவடியில் கஞ்சி காய்ச்சச் சொன்னார். தமுக்கடித்து எல்லாருக்கும் தெரிவிக்கவும் சொன்னார்.

நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில்தான் தமுக்குச் சத்தம் கேட்டது. ஈரவேட்டியோடு கருப்பன். வீடிழந்தவர்களுக்குக் கஞ்சி தயார் என்று எனக்கு மூன்று தடவை சொல்லிவிட்டு, அடுத்த பெரிய வீட்டுக்குப் போனார்.

முதலில் கீழத்தெருவுக்குப் போங்கள் என்று அப்போதும் நான் சொல்லவில்லை.