தொட்டி தெரியாத வீடியோ

தொலைக்காட்சியில் என் முகம் இரண்டு தடவை வந்திருக்கிறது. முதல் தடவை ஊரே என்னைக் கொண்டாடியது. இரண்டாம் தடவை ஊர் என்னிடம் பால் வாங்குவதை நிறுத்தியது. இரண்டு தடவையும் காட்டியது ஒரே படத்தைத்தான். அதே சேலை, அதே மாடு, அதே சிரிப்பு.

பெயர் கெட வேண்டுமென்றால் நாம் ஏதாவது கெட்ட காரியம் செய்ய வேண்டும் என்று நினைத்திருந்தேன். அப்படி ஒன்றும் இல்லை. எங்கோ ஏ.சி. அறையில் உட்கார்ந்திருக்கிற ஒருவர் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். முகம் தெரியாதவர்கள் மேல் எவ்வளவு நாள் கோபப்பட முடியும்? பொறுக்க முடியாமல் போனது வேறு.

எங்கள் தோட்டம் எருத்தேன்பதிப் பக்கம். இருப்பது கேரளம், வீட்டில் பேசுவது தமிழ். வாளையார் சோதனைச்சாவடியில் லாரிகள் தேங்கி நின்றால் மலையாளச் சேனல் ஒரு காரணம் சொல்லும், தமிழ்ச் சேனல் இன்னொரு காரணம் சொல்லும், லாரிக்காரரைக் கேட்டால் அவர் மூன்றாவதாக ஒன்று சொல்வார். நான் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள். மலையாளம் சரளமாகப் பேசுவேன், எழுத்துத்தான் படிக்க வராது. வீட்டுக்காரர் படிப்பார்.

மாடுகள்தான் என் பிழைப்பு. கறக்கிற பாலில் பாதி பால் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போகும், பாதியை அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் விடியற்காலையில் போசிப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போவார்கள். சங்கத்தில் பாலை இயந்திரம் சோதித்து எடுத்துக்கொள்ளும். வீட்டுக்காரர்கள் என் முகத்தைப் பார்த்து வாங்குவார்கள். எனக்குப் பெருமை அதில்தான். பள்ளிக்கூடத்து டீச்சர் தன் குழந்தைக்கு முதன்முதலாக மாட்டுப்பால் கொடுத்தபோது மாடு கட்டுகிற என் கட்டுத்தாரையிலிருந்துதான் வாங்கிப் போனாள். அதை நான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த தோட்டத்துக்காரியும் மாடு வைத்திருந்தாள். என்னைவிட இளையவள். அவளுக்கு நான் அக்கா, எனக்கு அவள் அம்மணி. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே கம்பிவேலி, அதில் நாங்கள் நுழைந்து நுழைந்தே ஒரு வழி உண்டாகியிருந்தது. தொடுதிரை போன் முதலில் வாங்கியது அவள்தான். எனக்கும் ஒன்று வாங்க வைத்து, வீடியோ பார்ப்பது, ஸ்டேட்டஸ் வைப்பது, வேண்டாத பகுதியை வெட்டி எடுப்பது என்று எல்லாம் அவளே சொல்லிக்கொடுத்தாள். மத்தியானம் தென்னைமர நிழலில் உட்கார்ந்து ஒரே போனை இரண்டு பேரும் பார்த்துச் சிரிப்போம். எனக்கு இணையம் என்றால் அவள்தான்.

ஒரு மலையாளச் சேனல்காரப் பெண்ணைக் கூட்டிவந்ததும் அவள்தான். ஓணத்துக்கு முன்னால் மாடு வளர்க்கும் பெண்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி செய்கிறார்களாம். என் கட்டுத்தாரை நல்ல வெளிச்சமாக இருக்கிறது என்று அங்கேயே எடுத்தார்கள். அம்மணி அதற்கென்றே பச்சைக் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கன்றுக்குட்டியின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

நான் கறந்து, பாலைக் கேனில் ஊற்றிவிட்டு, காலிப் போசியில் ஒரு சொம்பு தண்ணீரை விட்டு அலசினேன். அலசிய வெள்ளைத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டினேன். எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். பாலின் சுவடு இருக்கிற தண்ணீரை மண்ணில் கொட்ட மனம் வராது, மாடே குடிக்கட்டும் என்று விடுவோம். வெயிலில் தண்ணீர் விழுவது அழகாக இருக்கிறது, இன்னொரு தடவை செய்யுங்கள் என்று அந்தப் பெண் கேட்டாள். செய்தேன். கன்று கயிற்றை இழுக்க, இவள் தடுமாறிச் சிரிக்க, எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்போடு ஒளிபரப்பினார்கள். இவள் பல நாள் அதையே ஸ்டேட்டஸ் வைத்திருந்தாள். நானும் என் போனில் பத்திரப்படுத்திக்கொண்டேன். பொள்ளாச்சியிலிருந்து சொந்தக்காரர்கள் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வருஷம், அதே ஓணக் காலம். சாப்பிட்டுக்கொண்டே டிவி பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டிருந்ததால் சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தேன். திடீரென்று திரையில் நான். பக்கத்தில் அம்மணி. கீழே சிவப்புப் பட்டையில் பெரிய பெரிய மலையாள எழுத்துகள்.

"ஏனுங்க, இங்க வாங்க. மறுக்காவும் நம்மளக் காட்டறாங்க" என்று கூப்பிட்டேன். அவரும் சிரித்துக்கொண்டேதான் வந்தார். பட்டையைப் படித்ததும் முகம் மாறிவிட்டது. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன்.  நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்புக்காகத்தான் எனக்கு வயிறெரிகிறது.

"எல்லையில கலப்படப் பாலப் புடிச்சுட்டாங்கன்னு போட்டிருக்குது" என்றார்.

பிடிபட்டது எங்கிருந்தோ வந்த ஒரு டேங்கர். செய்தி வாசிக்கும்போது காட்டுவதற்கு ஏதாவது பால் வேண்டுமில்லையா? என்னைக் காட்டிவிட்டார்கள். அந்தச் சேனல்காரப் பெண்ணைக் கூப்பிட்டேன். "ஃபைல் விஷுவல் ஆணு சேச்சி" என்றாள், ஏதோ நான் கவலைப்படுவதுதான் வேடிக்கை என்பதுபோல. பெட்டியில் கிடக்கிற பழைய படங்களில் கைக்குக் கிடைத்ததை எடுத்துப் போடுவார்களாம். உள்ளே சொல்லி மாற்றச் சொல்கிறேன் என்றாள். சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அடுத்த செய்தியில் வேறு யாரோ ஒரு அம்மாள் மாடு கறந்தாள். அவள் பெயர் அவள் ஊரில் என்ன ஆயிற்றோ.

சரி, போகட்டும் என்றுதான் நினைத்தேன். எங்கள் ஊரில் மாடு இல்லாத தோட்டம் குறைவு. டிவியில் வந்ததில் தொட்டியும் தெரிந்தது, நான் போசியைத் தொட்டிப் பக்கம் சாய்ப்பதும் தெரிந்தது. மாட்டோடு புழங்குகிறவர்களுக்குப் பார்த்தவுடனே விளங்கிவிடும். ஆனால் மறுநாளிலிருந்து விடியற்காலையில் வருகிற போசிகள் குறைய ஆரம்பித்தன. ஒருத்தர் ஊருக்குப் போகிறோம் என்றார். ஒருத்தி பாக்கெட் பால் பழகிவிட்டது என்றாள். ஒருவராவது முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மரியாதையாகத்தான் பேசினார்கள்.

முதல் வருஷத்து வீடியோவை முழுசாக ஊர் வாட்ஸ்அப் குழுவில் போடு, தண்ணீர் எங்கே போகிறது என்று எல்லோரும் பார்க்கட்டும் என்றார் வீட்டுக்காரர். நல்ல யோசனைதான். ஆனால் அதில் அம்மணியும் இருக்கிறாள், ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வேலியில் நுழைந்து போனேன். விஷயத்தைச் சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் மகளுக்குக் கிணத்துக்கடவுப் பக்கமிருந்து சம்பந்தம் கூடிவந்திருந்தது.

"இப்ப எம் மூஞ்சியோட மறுக்கா அதப் போட்டீங்கன்னா மாப்ள ஊட்டுக்காரங்களுக்குத் தெரிஞ்சு போயிருமுங்க்கா. நிச்சயம் முடியற வரைக்கும் பொறுத்துக்கங்க" என்றாள்.

ஊரில் இப்படிப் பரப்புகிறவர்கள் நல்லா இருப்பார்களா என்று அவளே சாபமும் விட்டாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டு, சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்காரர் சத்தம் போட்டார். ஒரு பெண்ணின் வாழ்க்கையாயிற்றே என்று அவர் வாயை அடைத்தேன். சங்கச் செயலாளரிடம் போய், தினம் எங்கள் பாலைச் சோதிக்கிறீர்களே, அதையாவது குழுவில் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டார் அவர். பாலில் ஒரு குறையும் இல்லைதான், ஆனாலும் கொஞ்சம் ஆறட்டும் என்று செயலாளர் சொல்லிவிட்டார். மிஞ்சிய பாலைத் தயிராகப் போட்டேன். தயிரையும் யாரும் கேட்டு வரவில்லை.

கடைசியில் டீச்சரும் நின்றுபோனாள். என்னால் தாங்க முடியவில்லை. குழந்தைக்கென்று நானே போசியில் பாலை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். வாசலில் நின்று நெளிந்தாள். மற்றவர்களைப்போல அவளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. உள்ளே போய் போனை எடுத்துவந்து என் கையில் கொடுத்தாள்.

"நீங்களே பாருங்க்கா. இதப் பாத்தா நான் என்னன்னு நெனைக்கறது?"

ஊர் எதைப் பார்த்தது என்பதை அன்றைக்குத்தான் நான் பார்த்தேன். அது டிவியில் வந்த படமில்லை. சிவப்புப் பட்டை இல்லை, பளிச்சென்று தெளிவாக இருந்தது. நான் சொம்பிலிருந்து போசியில் தண்ணீர் விடுகிறேன். சிரிக்கிறேன். அவ்வளவுதான், முடிந்தது. தொட்டி இல்லை, கன்று இல்லை. படத்தின் ஓரத்தில் கயிற்றைப் பிடித்தபடி ஒரு கை மட்டும் மிச்சமிருந்தது. கையில் பச்சைக் கண்ணாடி வளையல்.

யார் அனுப்பியது என்று கேட்டேன்.  டீச்சர் போனை வாங்கி மேலே தள்ளிக் காட்டினாள். அம்மணியின் பெயர்தான். கீழே ஒரு வரியும் எழுதியிருந்தாள்: 'டிவில வந்த பால்காரி இவங்கதான். எனக்கு ஒண்ணுந் தெரியாதுங்க.' நான் இருக்கிற ஊர்க் குழுவில் போடாமல், செய்தி வந்த அன்றைக்கே ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக அனுப்பியிருக்கிறாள். நான் அவள் கண்ணைத் துடைத்துவிட்டதெல்லாம் அதற்குப் பிறகு.

பாலை டீச்சர் வீட்டுத் திண்டில் அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.  எதிரி செய்தால் எதிரி என்று விட்டுவிடலாம். கூட உட்கார்ந்து சிரித்தவள், எனக்குச் சொல்லிக்கொடுத்த அதே விரலால் என்னை வெட்டி எடுத்து ஊருக்குக் கொடுத்திருக்கிறாள்.

இத்தனைக்குப் பிறகும் என் புத்தி எப்படிப் போயிற்று பாருங்கள். அவள் மகள் என்ன பாவம் செய்தாள், அம்மணியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைப் போடலாம் என்று வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்தேன். திரும்பத் திரும்பச் செய்துபார்த்தேன். ஆகவில்லை. அவள் தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறாள், அவளை வெட்டினால் தொட்டியும் போய்விடுகிறது. அவள் இல்லாவிட்டால் நான் பாலில் தண்ணீர் கலக்கிற ஒருத்திதான்.

சாயங்காலம் போனேன். அவள் கறந்துகொண்டிருந்தாள். என்னென்னவோ கேட்க நினைத்துப் போனவள், அவள் முதுகைப் பார்த்ததும் ஒன்றைத்தான் சொன்னேன்.

"அம்மணி, உன்ன வெட்டுனா தொட்டியும் சேந்து போயிருது."

கறப்பதை நிறுத்தவில்லை. திரும்பவும் இல்லை.

"தெரியுமுங்க்கா" என்றாள்.

 பிறகு, மாட்டிடம் சொல்வதுபோல மெதுவாகச் சொன்னாள். "ரெண்டு பேரு பேரும் கெடறதுக்கு ஒருத்தரோட போவட்டும்னு நெனச்சுட்டனுங்க. நீங்கன்னா தாங்கிக்குவீங்க."

பயந்துபோய்ச் செய்துவிட்டேன் என்றிருந்தால் ஒருவேளை மனம் இளகியிருக்கும். நான் தாங்கிக்கொள்வேன் என்று கணக்குப் போட்டுச் செய்திருக்கிறாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது. புரிந்தும் மனம் ஆறவில்லை. அவள் எழுந்து, பாலைக் கேனில் ஊற்றி, போசியில் ஒரு சொம்பு தண்ணீர் விட்டு அலசி, என் கண் முன்னாலேயே தன் தொட்டியில் கொட்டினாள்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோவை முழுசாக, ஒரு வார்த்தையும் எழுதாமல் ஊர்க் குழுவில் போட்டேன். சிலர் கைகூப்புகிற படம் போட்டார்கள். நீளமாக இருக்கிறது, அப்புறம் பார்க்கிறேன் என்றார்கள் பலர். என்னைக் கெடுத்ததைப் பார்க்க எல்லோருக்கும் நேரம் இருந்தது. டீச்சர் மட்டும் மறுநாளே போசியோடு வந்து பால் வாங்கிப் போனாள். மற்ற வீடுகளில் பாதி இன்னும் திரும்பவில்லை.

சம்பந்தம் முறியவில்லை. மாப்பிள்ளை வீட்டார் அந்தச் செய்தியைப் பார்க்கவே இல்லையாம்.

எங்கள் பக்கம் கல்யாணம் என்றால் எவ்வளவு தூரமானாலும் நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகை வைத்துக் கூப்பிட வேண்டும். பகையாளி வீட்டுக்குக்கூட அப்படித்தான். இவள் கிணத்துக்கடவு, பொள்ளாச்சி, பாலக்காட்டுச் சித்தூர் எல்லாம் சுற்றிப் பத்திரிகை வைத்தாள் என்று கேள்விப்பட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் வரவில்லை. அந்த மகளுக்கு நான் எத்தனை நாள் தலை பின்னிவிட்டிருப்பேன். முகூர்த்தத்துக்கு முன்தினம், மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துக்கொண்டிருந்தபோது போன் சத்தம் போட்டது. எடுத்துப் பார்த்தேன். அவள்தான், பத்திரிகையைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். தலையை நிமிர்த்தினால் வேலிக்கு அப்பால் அவர்கள் வீட்டுப் பந்தல் தெரிந்தது.

திறந்து கடைசி வரி வரைக்கும் படித்தேன். அவள் போனில் இரண்டு நீலக் கோடு விழுந்திருக்கும், நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்திருக்கும். போனை வரப்பில் வைத்துவிட்டு மீதித் தட்டை அறுத்தேன்.